குப்பைக்கு அடியில் களிமண்

குளத்து நீரைத் தாங்கும் களிமண்ணே குப்பைக் கிடங்கின் நச்சுநீரையும் தடுக்க வல்லது. அந்நீர் நிலத்தடியில் இறங்கினால் ஊர்க்கிணறுகள் கெடும். ஆகவே, 2016ஆம் ஆண்டின் இந்தியத் திடக்கழிவு விதிகள், 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் 90 சென்டிமீட்டர் களிமண் படுகை வேண்டுமென வகுத்தன. இறுக்கிய அம்மண்ணில் தன் எடையால் இறங்கும் நீர், நொடிக்கு ஒரு சென்டிமீட்டரின் கோடியில் ஒரு பங்கை விஞ்சலாகாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டரே!

களி குறைந்த மண்ணாயின் பென்டோனைட் எனும் கனிமத்தைக் கலப்பர். கச்சுப் பகுதியில் அது மிகுதி. சோடியம் மிகுந்த வகை, நீர் பட்டதும் பருத்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். ஆனால், குப்பைநீரின் கால்சியம் அந்தச் சோடியத்தை வெளியேற்றிவிடின் வீங்கும் ஆற்றல் குன்றும். படுகை உலர்ந்தாலோ வெடிக்கும். கோடை வயலைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.