செயலிக்கும் குத்தூசி போட்டுப் பாருங்கள்



நெல் மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. ஈரம், பதர், கல் எல்லாம் பார்க்கிறோம். ஆனால் ஆர்டருக்கும் பில்லுக்கும் பாக்கிக் கணக்குக்கும் பணம் கொடுத்துச் செய்து வாங்கும் இணையச் செயலியை, திரையில் ஓடினால் போதும் என்று ஒப்புக்கொண்டு விடுகிறோம். இது சரியல்ல.

இன்றைய செயலிகள் பெரும்பாலும் ஜாங்கோ, லாராவெல் போன்ற ஃபிரேம்வொர்க்கின் மேல் கட்டப்படுகின்றன. கதவு, ஜன்னல், பூட்டு ஆகியவை தயாராக வரும் கட்டுமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு நல்லதுதான். ஆனால் எந்த அறைக்குள் யார் போகலாம் என்பதைச் செயலியை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். ஓவாஸ்ப் என்ற உலக அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்துப் பெரிய குறைகளின் பட்டியலில் இந்த அனுமதிக் குறைதான் முதலிடம் பெற்றது.

பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன், செயலி செய்தவரை அருகில் வைத்துக்கொண்டு, உண்மைக் கணக்கில் அல்லாமல் ஒரு நகலில் கீழ்க்கண்டவற்றைச் சோதியுங்கள்.

1. கும்பகோணம் கடை ஒன்று, பட்டுக்கோட்டை கடை ஒன்று என இரண்டு மாதிரி வாடிக்கையாளர்களைப் பதியுங்கள். முதல் கடையாக உள்ளே சென்று பில்லைத் திறந்து, முகவரிப் பட்டையில் உள்ள பில் எண் 1041ஐ 1042 என்று மாற்றுங்கள். அடுத்த கடையின் பில் தெரிந்தால் செயலியை வாங்காதீர்கள். மொத்த வியாபாரத்தில் ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. ஒருவர் விலை மற்றவருக்குத் தெரிந்தால் இருபது வருட வாடிக்கை ஒரே நாளில் போய்விடும்.

2. அளவுக் கட்டத்தில் கழித்தல் 10 மூட்டை என்று அடியுங்கள். ஏற்றுக்கொண்டால் பாக்கி தானே குறையும். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து 1 ரூபாய் விலையுடன் ஆர்டர் அனுப்பிக் காட்டும்படி செய்தவரிடம் கேளுங்கள். விலையை நம் விலைப்பட்டியலிலிருந்து சர்வர் எடுக்க வேண்டுமே தவிர, எதிர்த்தரப்பு அனுப்புவதை நம்பக் கூடாது.

3. தேடும் கட்டத்தில் ஒற்றை மேற்கோள் குறியை மட்டும் இட்டுத் தேடுங்கள். "சரக்கு இல்லை" என்று வந்தால் நல்லது. கோப்புப் பெயர்களோடு நீண்ட பிழைச்செய்தி வந்தால், தரவுத்தளக் கேள்வி பாதுகாப்பின்றி எழுதப்பட்டிருக்கலாம். பிழைகாட்டும் நிலையும் அணைக்கப்படவில்லை என்று பொருள்.

4. தவறான கடவுச்சொல்லை இருபது முறை இடுங்கள். செயலி தடுக்க வேண்டும். முதலாளி பக்கத்தின் முகவரியைக் கடைப் பையன் கணக்கிலிருந்து அடித்தாலும் திறக்கக் கூடாது.

5. ஃபிரேம்வொர்க்கைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச்சில் வெளிவந்தும் நிறுவனம் அதைப் போடவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின.

இந்தச் சோதனைகள் நம் செயலியில் மட்டுமே செய்யத் தக்கவை. பிறர் செயலியில் அனுமதியின்றிக் கைவைப்பது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். பெரிய அளவில் வியாபாரம் செய்வோர், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அங்கீகரித்துள்ள தணிக்கையாளர்களைக் கொண்டு சோதிக்கலாம்.

சோதித்து வாங்கிய பிறகும் தினசரிக் கணக்குச் சரிபார்ப்பைக் கைவிடாதீர்கள். நம் கும்பகோணத்தில் தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் திருடர்கள் கணினி வழியே புகுந்து, ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு மூன்று பணமாற்றங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். ஒப்புகை அச்சாகாதபடி அச்சுப்பொறியையும் முடக்கியிருந்தார்கள். மறுநாள் கணக்கு ஒத்துப்பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. உடனே கண்டதால் 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பியது.

நம்மிடம் பணம் இழக்க நேர்ந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கடை சாத்துமுன் கல்லாவையும் பேரேட்டையும் ஒத்துப்பார்க்கும் நம் பெரியவர்களின் பழக்கம் கணினிக் காலத்துக்கும் பொருந்தும்.