நல்ல காய் விதைக்கு: அக்கா சொல்ற டிப்ஸ்

ஆடி பிறந்துட்டா எங்க தெருவுல விதைப் பேச்சுதான். "அக்கா, குட்டைப் புடலை விதை இருக்கா?", "நீங்க கொடுத்த அவரை கொடியாவே ஓடுது, ஒரு பூகூட காணோமே"ன்னு வாசல் பெருக்கும்போதே ஆரம்பிச்சிடுவாங்க. அவரைக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். பந்தல்ல ஏத்துற நாட்டு அவரை, பகல் பொழுது சுருங்கினாத்தான் பூவெடுக்கும். ஆடியில ஊன்றினது ஐப்பசி வரைக்கும் இலையும் கொடியுமாத்தான் நிக்கும். அப்புறம் பனிக்காலம் முழுக்கக் காய்க்கும். பொங்கல் குழம்புக்கு அவரைக்காய் சேர்றது அதனாலதான். தையில விதைச்சுட்டு விதையைக் குறை சொல்லாதீங்க. வருஷம் பூராவும் காய் வேணும்னா செடி அவரை போடுங்க.

இப்ப விதை எடுக்கிற விஷயத்துக்கு வர்றேன். பெரும்பாலான வீட்டுல என்ன நடக்குது? நல்ல காயெல்லாம் குழம்புக்குப் போயிடும். இலை மறைவுல கண்ணுக்குத் தப்பி முத்தினது, கடைசியா சூம்பிப் போய்க் காய்ச்சது, இதுங்கதான் விதைக்கு மிஞ்சும். நாலு வருஷம் இப்படியே எடுத்தா அருமையான ரகம்கூட நோஞ்சானாப் போயிடும். தோட்டத்துலேயே திடமான செடி எதுன்னு பார்த்து, அதுல ரெண்டாவது மூணாவது பறிப்புல வர்ற நல்ல காய்க்குச் சிவப்பு நூல் கட்டி விட்டுடுங்க. நூல் கட்டின காயை வீட்டுல யாரும் பறிக்கக் கூடாது, மாமியார் கேட்டாலும் சரி. வெண்டையில இதை இன்னும் கவனமாப் பாருங்க. பக்கத்துச் செடியெல்லாம் மஞ்சள் நரம்பு நோயில வெளுத்துப் போயிருக்கும்போது ஒண்ணு மட்டும் பச்சையா நிக்கும். விதை அந்தச் செடியிலதான் எடுக்கணும். காய் செடியிலேயே காய்ஞ்சு, ஓரம் வெடிக்க ஆரம்பிக்கும்போது பறிச்சா போதும்.

கத்தரி பழுத்து மஞ்சளாகி, தொட்டா மெத்துன்னு இருக்கிற வரைக்கும் விடணும். கறிக்குப் பறிக்கிற பருவத்துல உள்ளே இருக்கிறது பிஞ்சு விதை, முளைக்காது. பழத்தைத் தண்ணியில பிசைஞ்சா முத்தின விதை அடியில தங்கும், மிதக்கிறதைக் கொட்டிடுங்க. தக்காளியில விதையைச் சுத்தி வழவழன்னு ஒரு கூழ் இருக்கும். பழத்துக்குள்ளேயே விதை முளைச்சிடாமத் தடுக்கிறதுல அதுக்குப் பங்கு உண்டு. அதனால சாறோட ஒரு கிண்ணத்துல ரெண்டு நாள் புளிக்க விட்டு, அப்புறம் அலசி எடுங்க. நம்ம ஊர் வெயில்ல அதுக்கு மேல விட்டா கிண்ணத்துலேயே முளை விட்டுடும்.

கொடிக் காய்லதான் நிறைய பேர் சோர்ந்து போறாங்க. "பூ பூக்குது, பிஞ்சு மஞ்சளாகி உதிருது"ன்னு மாடித்தோட்டம் வச்சிருக்கிற தங்கச்சிங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். முதல்ல வர்றதெல்லாம் ஆண் பூவாத்தான் இருக்கும், அது உதிர்றது இயல்பு. அடியில குட்டிக் காய் ஒட்டிக்கிட்டு வர்றதுதான் பெண் பூ. அது உதிர்ந்தா, பெரும்பாலும் மகரந்தம் சேரலைன்னு அர்த்தம். மாடி உயரத்துக்குத் தேனீ, அந்துப்பூச்சி வரத்து குறைவு. நீங்களே ஆண் பூவைப் பறிச்சு, இதழை விலக்கிட்டு, பெண் பூவின் நடுவுல மெதுவாத் தடவி விடுங்க. நேரம் ரொம்ப முக்கியம். பரங்கி, பாகல் காலையில மலரும். சுரை, பீர்க்கு, புடலை பொழுது சாயும்போதுதான் மலரும். காலையில பத்து மணிக்குப் போய்ச் சுரைப்பூவைத் தடவினா பலன் இருக்காது.

ரெண்டு விதமான புடலை பக்கத்துப் பக்கத்துல இருந்தா விதை கலந்துடும். மலரப் போற மொட்டு ரெண்டையும், ஆண் ஒண்ணு பெண் ஒண்ணு, மலர்றதுக்கு முன்னாடியே நூலால லேசாக் கட்டிடுங்க. பொழுது சாஞ்சதும் அவிழ்த்துச் சேர்த்துவிட்டு, பெண் பூவைத் துணியால மூடி வைங்க. அந்தக் காய்க்கும் சிவப்பு நூல் கட்ட மறக்காதீங்க.

பாக்கெட்ல எஃப் 1 அல்லது ஹைப்ரிட்னு போட்டிருந்தா அதுல விதை எடுக்காதீங்க. முளைக்கும், ஆனா தாய்ச்செடி மாதிரியே வராது.

விதையைக் காலை வெயில்லயும் சாயங்கால வெயில்லயும் காய வைங்க. 12 மணியிலிருந்து 3 மணி வரைக்கும் நிழலுக்கு எடுத்துடணும். எவர்சில்வர் தட்டு, சூடேறின மொட்டைமாடித் தரை ரெண்டும் வேண்டாம், முறம்தான் நல்லது. பரங்கி விதை வளையாம, மடிச்சா பட்டுன்னு ஒடிஞ்சா பதம் சரி. அடுப்புச் சாம்பல் கலந்து, இல்லேன்னா வசம்புத் தூள் தூவிக் கண்ணாடி பாட்டில்ல இறுக மூடுங்க. அவரை, தட்டைப்பயறுல வண்டு சீக்கிரம் விழும், அதுக்குச் சாம்பலைக் கொஞ்சம் தாராளமாவே போடணும். பாட்டில் மேல ரகம், எடுத்த மாசம், யார் கொடுத்தாங்க, எந்த ஊர் விதைன்னு எழுதி ஒட்டுங்க. வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல தாங்காது, மிளகாயும் வெண்டையும் ரெண்டு வருஷம், தக்காளியும் கத்தரியும் அதைவிடக் கூடுதலாத் தாங்கும். சந்தேகமா இருந்தா 10 விதையை ஈரத்துணியில முடிஞ்சு வைங்க. 7 முளைச்சா தாராளமா விதைக்கலாம். 5 கூட வரலேன்னா நெருக்கமாத் தூவுங்க.

இத்தனையும் செஞ்சு விதையைப் பூட்டி வச்சுக்காதீங்க. ஐப்பசி மழையில என் பாத்தி அழுகிப் போனா, நான் கொடுத்த வீட்டுல இருந்துதான் அந்த விதை எனக்குத் திரும்பி வரணும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்துல நெல் திருவிழா நடத்தின நெல் ஜெயராமன் ஐயா, ஒரு விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுப்பார், அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பிக் கேட்பார். 2018-ல அவர் மறைஞ்சப்போ, 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டெடுத்திருந்தார். வேலூர் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அதுவும் அந்த ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா விதையை விடாம வச்சிருந்ததாலதான்.

உங்க ஊர்க் கத்தரிக்கும் அவரைக்கும் ஒரு பேர் இருக்கும். வீட்டுல பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க. இந்த ஆடியில ஒரு பிடி விதை வாங்கினா, அடுத்த ஆடிக்குள்ள ரெண்டு வீட்டுக்காவது கொடுத்திடுங்க தங்கச்சிகளா.