மாத்திரை ஏன் கேட்கவில்லை?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வருகைப் பதிவு, சேமிப்பு வசூல் எல்லாம் முடிந்து, கடன் கேட்பவர்கள் பேசும் நேரம். ஓர் அக்கா எழுந்தார். ஏற்கெனவே வாங்கிய உள்கடனில் மூன்று தவணை பாக்கி. மேற்கொண்டு 6,000 ரூபாய் வேண்டும் என்றார். என்ன செலவு என்று ஊக்குநர் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீர்க்கடுப்புதான் மேடம். வருஷத்துல நாலு தடவை வரும். மருந்துக்கடையில சொல்லி ரெண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிப் போடுவேன், நின்னுடும். இந்தத் தடவை கேக்கவே இல்ல. குளிர் காய்ச்சல் வந்து, இடுப்பெல்லாம் வலி. ஆஸ்பத்திரியில ஏழு நாள் ஊசி. சிறுநீரை டெஸ்டுக்கு அனுப்பிப் பாத்துட்டு, நீ போட்ட மாத்திரை எதுவும் இந்தக் கிருமிக்குக் கேக்காதும்மான்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

பக்கத்தில் இருந்த உறுப்பினர் சொன்னார்: "மாத்திரை தின்னு தின்னு உடம்புக்குப் பழகிப்போச்சு, அதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் எங்கே தப்பு என்று பார்ப்பதுதான் இந்த மாதப் பாடம்.

பழகியது யார்?

உடம்பு பழகவில்லை. கிருமி மாறிவிட்டது. அக்காவின் உடம்பில் இருக்கும் அதே கிருமி நாளைக்கு அவர் மகளுக்குப் போகலாம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகலாம். அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து ஒரு ஆன்டிபயாடிக் கூடச் சாப்பிட்டதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் அந்த மாத்திரை அதற்குக் கேட்காது. அதனால் இதை ஒருத்தர் வீட்டு விஷயமாகப் பார்க்க முடியாது. ஊர் விஷயம்.

ஆன்டிபயாடிக் என்றால் பாக்டீரியா என்னும் கிருமியைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் நிறுத்தும் மருந்து. சாதாரண சளி, ஃப்ளூ காய்ச்சல் எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஆன்டிபயாடிக் கிடையாது.

நம் குடலும் ஒரு வயல்தான்

பாக்டீரியா என்றாலே கெட்டது என்று நினைக்காதீர்கள். தோசை மாவு புளிப்பதும் பால் தயிராவதும் பாக்டீரியாவால்தான். நம் குடலில் லட்சம் கோடிக் கணக்கில் அவை வாழ்கின்றன. செரிமானத்துக்கு உதவுகின்றன. அதோடு, இடத்தை அடைத்துக்கொண்டு கெட்ட கிருமி வேர் பிடிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. பயிர் நெருக்கமாக நிற்கும் வயலில் களை குறைவாக இருப்பது போல.

அங்கே வாழும் ஒன்றுக்கு ஈ. கோலை என்று பெயர். குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் சாதுவாக இருக்கும். அதுவே சிறுநீர்ப் பாதைக்குள் போய்விட்டால் நீர்க்கடுப்பு. பெண்களுக்கு அந்தப் பாதையின் நீளம் குறைவு. அதனால் நமக்குத்தான் இது அதிகம் வருகிறது. அக்காவுக்கு வந்ததும் இதே ஈ. கோலைதான். அதன் கதையையே பிடித்துக்கொண்டு போவோம்.

களை எடுத்தவர்களுக்குப் புரியும்

நடவு வயலில் களை எடுக்கும்போது, நெல்லைப் போலவே இருக்கும் ஒரு புல் கண்ணை ஏமாற்றும். கதிர் வரும்வரை அடையாளம் தெரியாது. வித்தியாசமாகத் தெரிகிற புல்லை எல்லாம் பிடுங்கிவிடுவோம். நெல் மாதிரி நிற்பது தப்பித்து விதை போடும். வருஷா வருஷம் இப்படியே நடந்தால், கடைசியில் வயலில் மிஞ்சுவது நெல் மாதிரி இருக்கும் புல்தான். அந்தப் புல் யோசித்து வேஷம் போடவில்லை. நம் கை மற்றதைப் பிடுங்கி, அதற்கு இடம் விட்டது.

கிருமியிலும் இதுதான் நடக்கிறது. உணவும் சூடும் சரியாக இருந்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். அதே வேகத்தில் போனால் ஒரு கிருமி 10 மணி நேரத்தில் 107 கோடி ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் அது தன் உடம்பின் குறிப்பைப் படியெடுக்கிறது. இத்தனை கோடிப் படியில் எங்காவது எழுத்துப் பிழை வரத்தானே செய்யும்? பெரும்பாலான பிழைகளால் ஒரு பயனும் இல்லை. எப்போதாவது ஒரு பிழை, மருந்திலிருந்து தப்ப வழி செய்துவிடும். மருந்து வந்ததும் மற்றவை சாகும், அது மட்டும் நிற்கும். காலியான இடம் முழுவதும் அதன் வாரிசுகள்.

2016-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி விஞ்ஞானிகள் இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்து காட்டினார்கள். 2 அடி அகலம், 4 அடி நீளத்தில் ஒரு பெரிய தட்டு. அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். இரண்டு ஓரத்திலும் மருந்து இல்லை. உள்ளே போகப் போக 10 மடங்கு, 100 மடங்கு, நடுப்பாத்தியில் 1,000 மடங்கு மருந்து. ஓரத்தில் ஈ. கோலையை விட்டார்கள். முதல் வரப்பில் கிருமி நின்றது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று தாண்டியது, பெருகியது. அடுத்த வரப்பில் மறுபடி நின்றது, மறுபடி ஒன்று தாண்டியது. சுமார் 10 நாளில் நடுப்பாத்திக்கே வந்துவிட்டது.

ஒரே தாவலில் அது நடுவுக்குப் போகவில்லை. குறைந்த அளவு மருந்து இருந்த பாத்திகள்தான் அதற்குப் படிக்கட்டு. ஒரு வேளைக்கு அரை மாத்திரை, இரண்டு நாளைக்கு மட்டும் மாத்திரை என்று நாம் போடுவதும் அப்படி ஒரு படிக்கட்டாகலாம். பெனிசிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் எடுத்தால் கிருமி தப்பிக்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டார்.

கைமாறும் விதை

தாயிடமிருந்து மகளுக்கு விதை போவது நமக்குத் தெரியும். கிருமி அதோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். பிளாஸ்மிட் என்னும் சின்ன வளையத்தில் மருந்தை முறியடிக்கும் குறிப்பு எழுதியிருக்கும். இரண்டு கிருமிகள் ஒட்டும்போது அந்த வளையத்தின் நகல் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்.

1950-களில் ஜப்பானில் சீதபேதி நோயாளிகள் சிலருக்கு 4 வகை மருந்தும் ஒரே சமயத்தில் கேட்காமல் போனது. நாலு பிழையும் ஒன்றாக வருவது எப்படி என்று விஞ்ஞானிகள் குழம்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, குடலில் சும்மா இருந்த ஈ. கோலையே அந்த நாலு தந்திரத்தையும் சீதபேதிக் கிருமிக்கு ஒட்டுமொத்தமாகக் கொடுக்க முடியும் என்று.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். சளிக்கு வேண்டாத ஆன்டிபயாடிக் போடுகிறோம். அது சளி வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலுக்குள் போய் நல்ல கிருமிகளைக் கொல்கிறது. தப்பித்தவை அந்தத் தந்திரத்தோடு பெருகி, நாளைக்கு வரும் நோய்க் கிருமிக்குக் கைமாற்றக் காத்திருக்கின்றன.

நம் நாட்டுக் கதையும் உண்டு. டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் ஒரு கிருமி கிடைத்தது. மிகக் கடைசியில் போடும் கார்பபெனெம் வகை ஊசியையே உடைக்கும் தந்திரம் அதனிடம் இருந்தது. அதற்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள். 2010-ல் வெளியான ஆய்வில், சென்னையில் நோயாளிகளிடம் எடுத்த 44 கிருமிகளிலும் ஹரியானாவில் 26 கிருமிகளிலும் அது இருந்தது. 2011-ல் வெளியான ஆய்வில், டெல்லியில் எடுத்த 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய, கசிந்த நீரின் 171 மாதிரிகளில் 51-லும் அதன் குறிப்பு கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே, சாக்கடை வழியாகவும் இது நடமாடுகிறது.

கோழிக் கொட்டகையிலும் கவனம்

கோழி வளர்க்கும் உறுப்பினர்கள் நம்மிடம் நிறைய. கொலிஸ்டின் என்பது, வேறு மருந்து கேட்காத மனிதர்களுக்குக் கடைசியாகப் போடும் மருந்து. பல நாடுகளில் அதைக் கோழியும் பன்றியும் வேகமாக எடை கூடுவதற்குத் தீவனத்தில் கலந்தார்கள். சீனாவில் பன்றி, இறைச்சி, நோயாளி மூன்று இடத்திலும் ஈ. கோலையில் கொலிஸ்டினை முறியடிக்கும் குறிப்பு இருப்பது 2015-ல் தெரியவந்தது. அதுவும் கைமாறக்கூடிய வளையத்தில். இந்தியாவில் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் மீனுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்துவிட்டார்கள். கோழிக்கு மருந்து, பவுடர் எது வாங்கினாலும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

2019-ல் மட்டும் உலகத்தில் 12.7 லட்சம் பேர், மருந்து கேட்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

"அப்போ மாத்திரையே சாப்பிடக் கூடாதா?"

கூட்டத்தில் இப்படி ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. வேண்டிய நேரத்தில் ஆன்டிபயாடிக் உயிரைக் காப்பாற்றும். பச்சிளம் குழந்தை பால் குடிக்காமல் துவண்டால், மூச்சு வேகமாக வாங்கினால், பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் வந்தால், நீர்க்கடுப்போடு குளிர் காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நேரங்களில் மருந்து கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நேரங்களில் அதைச் சேமிக்கச் சொல்கிறோம்.

நம் கையில் இருப்பவை

1. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டோடுதான் வாங்க வேண்டும். சில வீரியமான ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் கடைக்காரர்களுக்குச் சட்டம்.

2. சொன்ன அளவு, சொன்ன நாள். நாமாக நிறுத்தவும் வேண்டாம், நாமாக நீட்டவும் வேண்டாம். காசநோய் மருந்து சாப்பிடுபவர் குழுவில் இருந்தால், நடுவில் விடாமல் இருக்க நாம் துணை நிற்க வேண்டும்.

3. மிச்ச மாத்திரையை எடுத்து வைக்காதீர்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். என் பையனுக்குச் சளி வந்தபோது பழைய பாட்டிலில் மிச்சம் இருந்த மருந்தைக் கொடுத்தவள்தான் நானும். இப்போது செய்வதில்லை.

4. "ஊசி போடுங்க, பவரா குடுங்க" என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள். "இதுக்கு ஆன்டிபயாடிக் தேவையா?" என்று கேளுங்கள்.

5. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசல். சுகாதார செவிலியர் சொல்லும் அளவில் ஜிங்க் 14 நாள். மலத்தில் ரத்தம் வந்தால் உடனே டாக்டர்.

6. சோப்புப் போட்டுக் கை கழுவுதல், கழிப்பறை, கொதித்து ஆறின தண்ணீர், தடுப்பூசி. நோயே வராவிட்டால் மருந்துக்கு வேலை இல்லை.

அந்த அக்கா கடைசியாக ஒன்று கேட்டார்: "என் வயித்துல இருக்கிற அந்தக் கிருமி போகவே போகாதா மேடம்?"

தேவையில்லாத மருந்து போடாமல் இருந்தால், மற்ற கிருமிகள் திரும்ப இடம் பிடிக்கும், அது மெல்லக் குறையலாம். சிலருக்கு மாதக் கணக்கில் தங்கியும் இருக்கும். அதனால் அந்த டெஸ்ட் சீட்டைப் பத்திரமாக வையுங்கள் அக்கா, அடுத்த தடவை எரிச்சல் வந்தால் கடைக்குப் போகாமல் அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போங்கள் என்றேன்.

குழு அவருக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. ஒருத்தர் தவணை கட்டாவிட்டால் பதினைந்து பேருக்கும் சுமை என்பது நமக்குத் தெரியும். மருந்தின் சக்தியும் நம் பொதுச் சேமிப்பு மாதிரிதான். ஒரு வீட்டில் வீணாக்கினால் எல்லோருக்கும் குறையும். அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் கடன் தீர்மானத்துக்குக் கீழே இன்னொரு வரியும் ஏறியது: "சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்க மாட்டோம், மிச்ச மாத்திரையைப் பகிர மாட்டோம்."

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* போன ஆறு மாதத்தில் நம் வீட்டில் யார் யார் ஆன்டிபயாடிக் சாப்பிட்டோம்? சீட்டோடு வாங்கியது எத்தனை?
* "உடம்புக்குப் பழகிப்போச்சு" என்பது ஏன் தப்பு? களை எடுக்கும் உதாரணத்தோடு ஒருவர் விளக்கவும்.
* நம் கோழிக்கும் ஆட்டுக்கும் என்ன மருந்து கொடுக்கிறோம்? யார் சொல்லிக் கொடுக்கிறோம்?

- கள ஒருங்கிணைப்பாளர்