வாயுவைப் பிரிக்கும் சவ்வு

கொல்லிமலை மரவள்ளிக் கிழங்கு மலையிறங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்கு வருகிறது. ஆலைக் கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்கவிட்டால் எரிவாயு கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். மீதியில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்ஸைடு. பின்னது எரியாது, உருளையில் வீணே இடத்தை அடைக்கும். வண்டி ஓட்டவோ மீத்தேன் 90 சதவீதமாவது வேண்டும்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி, பாலிமர் சவ்வு. இதை வெறும் சல்லடை என்று எண்ணிவிடாதீர்கள்! வாயுவை அழுத்திச் செலுத்தினால் கார்பன் டை ஆக்ஸைடு சவ்வுக்குள்ளேயே கரைந்து மறுபுறம் வெளியேறுகிறது. மீத்தேன் அவ்வளவு எளிதில் கரையாது. அதன் மூலக்கூறும் சற்றுப் பருமன். பெரும்பகுதி இப்புறமே தங்கிவிடும்.

ரப்பரும் பாலிமர்தானே? ஒரு பலூனில் காற்றையும், மற்றொன்றில் எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் சேர்ந்து தரும் வாயுவையும் ஒரே அளவுக்கு நிரப்பித் தொங்கவிடுங்கள். மறுநாள் எது அதிகம் சுருங்கியிருக்கிறது?