தொட்டறிதலே முதற்பாடம்



உயிர்களை ஓரறிவுயிர் முதலாக வகுத்துக் காண்பது நம் மரபு. தொடுவுணர்வு ஒன்றே உடையது ஓரறிவுயிர். அதன்மேல் சுவை, நாற்றம், ஒளி, ஓசை என்னும் உணர்வுகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. தொல்காப்பிய மரபியலும் இவ்வரிசையையே கூறுகிறது. ஐம்பொறிகளுள் மெய்யே முதலில் வைக்கப்பட்டிருத்தல் சிந்திக்கத்தக்கது. குழந்தையின் கல்வியும் தொடுதலிலேயே தொடங்குகிறது.

ஆயின் இன்று நம் இல்லங்களில் நிகழ்வது யாது? வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களை விட்டுத் திருச்சியில் குடியேறி, தில்லைநகரிலும் திருவரங்கத்திலும் அடுக்குமாடியில் வாழ்வோரின் குழந்தைகளுக்கு முற்றமும் இல்லை, களமும் இல்லை. காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவிலேயே மணலை அளைந்தறியாத பிள்ளைகள் வளர்கின்றனர். மாவில் கை வைத்தால் "சீ, அழுக்கு" என்று தடுக்கிறோம். அழுதால் கைப்பேசியைக் கொடுக்கிறோம். 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டா என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது.

முன்னோர் கண்ட முறை

குழந்தையின் சிறுகை அளைந்த கூழ் அமிழ்தினும் இனிது என்பது மக்கட்பேற்று அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் கருத்து. நெய்ச்சோற்றை மேனியெங்கும் அப்பிக்கொள்ளும் குழந்தையைப் புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடியுள்ளார். மணலில் சிறுவீடு கட்டும் விளையாட்டைப் பிள்ளைத்தமிழ் நூல்கள் 'சிற்றில்' எனச் சிறப்பிக்கின்றன. சிந்துவதையும் பூசிக்கொள்வதையும் சான்றோர் குற்றமாகக் கருதவில்லை.

திண்ணைப் பள்ளியில் முதல் ஏடு மணலே. சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுச் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் மணல்தட்டுகள் இடம்பெற்றன. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகச் செய்தார்.

பருப்பொருளிலிருந்து நுண்பொருளுக்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் பயின்ற விதி. பிசைந்தும் கிள்ளியும் உருட்டியும் வலுப்பெற்ற விரல்களே எழுதுகோலை இயல்பாகப் பிடிக்கும். அவ்வலிமை வருமுன் 3 வயதுப் பிள்ளையின் கையில் எழுதுகோலைத் திணித்தால், கை நோவதோடு கல்வியிலும் வெறுப்பு உண்டாகும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை (3 முதல் 6 வயது வரை)

1. மணல்: தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்புக. குழந்தை விரலால் கோடும் வட்டமும் எழுத்தும் வரையட்டும். சிறிது நீர் தெளித்தால் சிற்றில் கட்டலாம்.

2. மாவு: கோதுமை மாவு 2 பங்கு, உப்பு 1 பங்கு, நீர் 1 பங்கு, நல்லெண்ணெய் ஒரு கரண்டி சேர்த்துப் பிசைக. மஞ்சள்தூள் மஞ்சள் நிறமும் கீரைச்சாறு பச்சை நிறமும் தரும். மூடி வைத்தால் சில நாள் பயன்படும். உப்பு மிகுதியாதலால் இதனை உண்ண விடலாகாது.

3. நீர்: வடிகட்டிய நீரைச் சிறு பாத்திரத்தில் வைத்து, ஆழாக்கால் முகந்து படியில் ஊற்றச் செய்க. 8 ஆழாக்கு 1 படி என்பதைக் கையே கற்றுக்கொள்ளும். பின்னர் அந்நீரைச் செடிக்கு விடுக.

4. பயறு: பச்சைப்பயற்றையும் கொண்டைக்கடலையையும் கலந்து, கண்ணை மூடித் தடவிப் பிரிக்கச் செய்க. முடிந்ததும் கழுவிச் சமைத்துவிடலாம், உணவு வீணாகாது.

கவனிக்க வேண்டியவை

நீர், பயறு இவற்றருகே குழந்தையைத் தனியே விடலாகாது. வாளி நீரில் தவறி விழுதலும், பயறு மூக்கிலோ தொண்டையிலோ சிக்குதலும் உயிருக்கே கேடாகும். சிவப்பு நிறம் வேண்டி மஞ்சளில் சுண்ணாம்பு கலத்தல் வேண்டா. அது கண்ணைப் புண்ணாக்கும்.

இவ்விளையாட்டால் பிற உயிர்க்குத் தீங்கு நேராதோ என நம் பெரியோர் ஐயுறுவர். அவ்வையம் நியாயமானதே. மழைநாளில் மண்புழு நெளியும் சேற்றைக் கிளறல் வேண்டா. மாவு சிந்திய இடத்தை உடனே துடைத்திடுக. இல்லையேல் எறும்பு மொய்த்து மிதிபடும். மணலைச் சலிக்கும்போது ஓர் எறும்பு தென்பட்டால், அதனை இலையில் ஏந்தி நிழலில் விடும் பணியைக் குழந்தைக்கே அளித்திடுக. கொல்லாமையை வாயால் ஓதுமுன் கையால் பயிலும் நல்வாய்ப்பு அதுவே. மணலைத் தொடவே விடாத பிள்ளை இப்பாடத்தை எங்ஙனம் பெறும்?

விளையாடியபின் தாம்பாளத்தைக் கழுவுதலும் தரையைத் துடைத்தலும் குழந்தையின் பங்காகுக. தூய்மை என்பது அழுக்கை அஞ்சி ஒதுங்குதலன்று. அழுக்கானதைத் தானே தூய்மை செய்தலாகும்.

அடுத்த இதழ் வருவதற்கு மூன்று திங்கள் உள்ளன. வாரம் இருமுறை, அரைமணி நேரம், கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுத் தாத்தாவோ பாட்டியோ அருகமர்ந்து இவற்றைச் செய்து காண்க. நம் பிள்ளைகளின் கைகள் அறிவும் அருளும் ஒருங்கே பெற்று விளங்குக!