கிட்டார் வாங்கப் போறியா? அஞ்சு கார்டு எடுத்துட்டுப் போ

தங்கச்சி, ஊர் சுத்தறப்ப தூக்கிட்டுப் போக சின்னதா, சீப்பா ஒரு கிட்டார் வேணும், அவ்வளவுதானே? பளபளன்னு நீலக் கலரைப் பார்த்து மயங்கிடாதே. என் முதல் கிட்டாரை அப்படித்தான் வாங்கினேன். ரெண்டே வாரத்துல விரல் நுனி எரிஞ்சு, கிட்டார் பீரோ மேல ஏறிடுச்சு.

1. கடையில முதல் வேலை இது. 12-ஆவது ஃப்ரெட்டுக்கும் (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) தடிக் கம்பிக்கும் நடுவுல ஏடிஎம் கார்டுகளை அடுக்கிச் சொருகு (எழுத்து புடைச்ச பக்கம் வேண்டாம்). ஒரு கார்டு முக்கால் மில்லிமீட்டர். மூணு நுழைஞ்சா அருமை, நாலுன்னா சமாளிக்கலாம். அஞ்சும் தாராளமா போச்சா, கீழே வெச்சிடு. நைலான் கம்பிக்கு மட்டும் ஒரு கார்டு சலுகை. "பழகப் பழக சரியாயிடும்"பார் கடைக்காரர். கம்பி தானா இறங்காதும்மா, உன் விரல்தான் காய்க்கும்.

2. போன்ல டியூனர் ஆப் இருக்கில்ல? கம்பியைச் சும்மா மீட்டி சுருதி சேர்த்துட்டு, அதே கம்பியை 12-ஆவது ஃப்ரெட்ல அழுத்தி மீட்டு. அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில வரணும். முள் நல்லாவே விலகினா வேண்டாம். சோம்பேறித்தனம் பண்ணாம ஆறு கம்பியையும் பாரு.

3. கழுத்தோட ரெண்டு ஓரத்தையும் விரலால தடவு. ஃப்ரெட் நுனி கீறுதா? அடுத்தது.

4. ரொம்பக் குட்டியும் வேண்டாம். பெரிய கிட்டார்ல கம்பி அதிர்ற நீளம் 65 செ.மீ., யமஹா ஜேஆர்2-ல 54, யுகுலேலே சைஸ் கிட்டாரான கிட்டலேலேல 43. கிட்டலேலே அஞ்சாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்ட மாதிரி ஒலிக்கும். நீ ஜி கார்டு (chord) பிடிப்பே, சி கேட்கும். கூட வாசிக்கறவங்க முழிப்பாங்க. 54-லேர்ந்து 58 செ.மீ. போதும்னு நான் சொல்வேன். நீளம் குறைஞ்சா கம்பி தளர்ந்து கிர்ருங்கும். 10-க்குப் பதிலா 12 கேஜ் ஸ்டீல் கம்பி மாட்டு.

5. கையில 8,000 ரூபாய் இருந்தா, 7,000-க்கு வாங்கிட்டு 1,000-ஐ நல்ல கம்பிக்கும் செட்டப்புக்கும் ஒதுக்கு. பிக்கப் பதிச்ச மாடலுக்கு ஆசைப்படாதே. ரயில்ல எங்கே போய் ஆம்ப்ளிஃபயர் தேடுவே?

6. இலவசமா தர்ற மெல்லிசுப் பையை தூசிக்கு மட்டும் நம்பு, இடிக்கு நம்பாதே. பஞ்சு வெச்ச பையா வாங்கு. சூட்டுலயும் விடாதே. மே மாசம் திருச்சியில, நிறுத்தின கார்ல என் கிட்டாரை ரெண்டு மணி நேரம் விட்டேன். பசை இளகி பிரிட்ஜ் வாயைப் பிளந்துடுச்சு.

விமானம்னா முன்னாடியே கேட்டுக்கோ. கேபின் பையோட நீளம் பொதுவா 55 செ.மீ.தான், கிட்டலேலேயே 70 வரும். ரயில்னா அப்பர் பெர்த் போடு. சுவர்ப் பக்கம் கிட்டார், இந்தப் பக்கம் நீ. லோயர் பெர்த் அடியில தள்ளினா, யாரோட இரும்புப் பெட்டியாவது அது மேல ஏறும்.