சீசியம் மக்காது

எங்கள் வட்டாரக் கூட்டத்தில் பஞ்சகவ்யம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த தம்பி ஒருத்தர் எழுந்து கேட்டார்: "அண்ணாச்சி, கூடங்குளத்துல ஏதாவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா நம்ம மண்ணு என்ன ஆகும்? சாணி மெழுகின வீட்டுக்குள்ள கதிர்வீச்சு வராதுன்னு சொல்லுதாங்க. அப்போ ஜீவாமிர்தம் விட்டா மண்ணுல விழுந்ததும் போயிருமா?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் எல்லாரும் நம்புகிற ஒன்றைத்தான் அவர் கேட்டார். எந்த நஞ்சானாலும் உயிருள்ள மண்ணிடம் விட்டால் காலப்போக்கில் தின்று செரித்துவிடும் என்பது நமது அனுபவம். இருபது வருஷம் மருந்தடித்த வயல் நாலைந்து வருஷத்தில் மண்புழு ஊரும் வயலாக மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

அந்தத் தம்பிக்குச் சொன்ன பதில் ஒரே வார்த்தை: போகாது. ஏன் போகாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

பூச்சிமருந்து என்பது பல அணுக்கள் கோத்த ஒரு மாலை மாதிரி. நுண்ணுயிர்கள் அந்த மாலையை அறுத்துப்போடுகின்றன. அறுந்தபின் பெரும்பாலும் அது நஞ்சு இல்லை. அணுஉலை விபத்தில் வெளியே வருகிற சீசியம் அப்படி இல்லை. அது மாலை இல்லை, தனி மணி. அணுவே நஞ்சாக இருக்கிறது. சாணியோ, பாக்டீரியாவோ, நெருப்போ, அமிலமோ அணுவின் கருவைத் தொட முடியாது. அது தன் கணக்குப்படி தானாகத்தான் சிதையும். சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு. மீதியில் பாதி குறைய இன்னொரு 30 ஆண்டு. நம் பேரன் உழும்போதும் நாலில் ஒரு பங்கு இருக்கும்.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை, அனுபவித்துச் சொன்னவர்கள் ஜப்பானில் ஃபுகுஷிமா மாவட்டத்து உழவர்கள். அதிலும் அதிகம் அடிபட்டவர்கள் நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகள்.

2011 மார்ச் 11-ல் 9.0 அளவு நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலை. ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் மின்சாரம் போய், குளிர்விக்க வழியில்லாமல் 1, 2, 3 ஆம் உலைகளின் எரிபொருள் உருகியது. 20 கி.மீ. சுற்றளவை அரசு காலி செய்தது. ஆனால் மார்ச் 15 அன்று காற்று வடமேற்காகத் திரும்பியது, மழையும் பனியும் பெய்தது. உலையிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியிருந்த இடாதே என்ற மலைக்கிராமத்தில் அது வந்து இறங்கியது. வட்டத்துக்கு வெளியே இருந்ததால் அந்த ஊர் மக்களை வெளியேறச் சொல்லி உத்தரவு வந்ததே ஏப்ரல் 22-ல்தான். பிறகு ஊரின் பெரும்பகுதிக்குத் தடை நீங்கியது 2017 மார்ச் 31-ல். அதே சமயம் உலைக்கு இதைவிடக் கிட்டத்தில் இருந்த சில ஊர்களில் படிவு குறைவு. வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போடுவது அதிகாரிகளின் வசதிக்குத்தான். காற்றுக்கும் மழைக்கும் வட்டம் தெரியாது.

சரி, மண்ணில் விழுந்த சீசியம் பயிருக்குள் எப்படிப் போகிறது? இதுதான் நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

சீசியமும் சாம்பல் சத்தும், அதாவது பொட்டாசியமும், ஒரே குடும்பம். வேருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாம்பல் சத்து உள்ளே போகிற அதே வாசல் வழியாகச் சீசியமும் நுழைகிறது. மண்ணில் சாம்பல் சத்து தாராளமாக இருந்தால் வாசலில் கூட்டம், சீசியத்துக்கு இடம் கிடைப்பது அரிது. சாம்பல் சத்து பஞ்சமாக இருந்தால் பசித்த வேர் சீசியத்தை வாரிக்கொள்ளும். இரண்டாவது விஷயம் களிமண். அபிரக வகைக் களிமண்ணின் தகடுகளுக்கு நடுவே சீசியம் போய் மாட்டிக்கொண்டால் எளிதில் வெளியே வராது. மணல் அப்படிப் பிடிக்காது. நம் ஆட்களுக்குக் கசப்பாக இருக்கும் ஒரு செய்தி, மட்கும் இறுக்கிப் பிடிக்காது. மட்கு சீசியத்தைத் தளர்வாக வைத்திருந்து திரும்ப வேருக்கே கொடுத்துவிடும்.

ஆக, ஒரே அளவு சீசியம் விழுந்த இரண்டு வயலில் விளைந்த நெல் ஒன்றுபோல் இருக்காது. ஃபுகுஷிமாவில் இது வெட்ட வெளிச்சமானது 2011 இலையுதிர் காலத்தில். அந்த வருஷம் கிலோ மண்ணுக்கு 5,000 பெக்கரலுக்கு மேல் உள்ள வயலில் நெல் நடக் கூடாது என்று அரசு சொல்லியிருந்தது. (பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது.) மண்ணில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் நெல்லுக்குப் போகும், ஆகவே அப்போதைய வரம்பான கிலோவுக்கு 500-ஐத் தாண்டாது என்பது கணக்கு. மாதிரி எடுத்துப் பார்த்து, அக்டோபரில் மாவட்ட ஆளுநரே எங்கள் அரிசி பாதுகாப்பானது என்று அறிவித்தார். ஒரு மாதம் சற்றுத் தாண்டியதும், நவம்பரில் ஃபுகுஷிமா நகரத்து ஓனாமி பகுதி அரிசியில் 630 பெக்கரல் வந்தது. மலையடிவாரப் படிக்கட்டு வயல்கள் அவை, காட்டுத் தண்ணீர் இறங்குகிற இடம். இப்படி வரம்பு தாண்டிய வயல்களை ஆராய்ந்தபோது பொதுவாக ஒன்று தெரிந்தது: சாம்பல் சத்து குறைந்த மண். சராசரிக் கணக்கு பொய் இல்லை. ஆனால் எந்த உழவனும் சராசரி வயலில் நடவு செய்வதில்லையே.

இதே பாடத்தை 25 வருஷம் முன்னாலேயே பிரிட்டன் படித்திருந்தது. 1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் உலை வெடித்தபோது, 2,000 கி.மீ.க்கும் அப்பால் வடக்கு வேல்ஸ், கம்ப்ரியா மலைகளில் மழையோடு சீசியம் இறங்கியது. ஆட்டுக்கறி விற்கத் தடை போட்டார்கள், மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். தாழ்நிலக் களிமண்ணை மனதில் வைத்துச் சொன்ன கணக்கு அது. மலையிலோ மட்கு நிறைந்த புளிப்பு மண். சீசியம் புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும், ஆட்டுப் புழுக்கையிலிருந்து மறுபடி மண்ணுக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசித் தடை நீங்கியது 2012-ல். மூன்று வாரம் என்று சொன்னது 26 ஆண்டு ஆனது.

ஃபுகுஷிமா இயற்கை விவசாயிகளுக்கு வருவோம். அவர்கள் வாழ்ந்த முறை நமக்கு அந்நியம் இல்லை. காட்டுச் சருகை அள்ளி வந்து மட்க வைப்பது, வைக்கோலை மாட்டுக்கும் வயலுக்கும் கொடுப்பது, அடுப்புச் சாம்பலை உரமாகப் போடுவது. இந்த மூன்றும் ஒரே வாரத்தில் நஞ்சின் வழிகளாக மாறின. சீசியத்தில் பெரும்பங்கு விழுந்தது காட்டில், சருகின் மேல். வயல்வெளியில் விட்டிருந்த வைக்கோலைத் தின்ற மாடுகளின் கறியில் அந்த ஜூலையில் சீசியம் வந்தது, கறி பல மாவட்டங்களுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. விறகை எரித்தால் மரம் போய்விடும், சீசியம் சாம்பலில் பல மடங்கு செறிந்து நிற்கும். அதனால் விறகுக்கே கிலோவுக்கு 40 பெக்கரல் என்று வரம்பு வைத்தார்கள், உரத்துக்கு 400. தீட்டாத அரிசி சாப்பிடு என்று ஊருக்குச் சொன்னவர்களுக்கு இன்னொரு அடி: நெல்லில் சீசியம் அதிகம் சேர்வது தவிட்டில். உலையிலிருந்து சுமார் 300 கி.மீ. தெற்கே கனகாவா மாவட்டத்துத் தேயிலைக்கும் அந்த மே மாதம் வரம்பு தாண்டியது. அங்கே சீசியம் வேர் வழியாகப் போகவில்லை. மார்ச்சில் பழைய இலைமேல் விழுந்தது புதுக் கொழுந்துக்கு நகர்ந்தது.

காய்கறி விற்பனைக்குத் தடை வந்த நாட்களில், பல வருஷம் பாடுபட்டு மண்ணைச் சேர்த்த ஒரு முட்டைக்கோஸ் விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்புறம் என்ன செய்தார்கள்? சூரியகாந்தி சீசியத்தை உறிஞ்சிவிடும் என்று முதலில் பெரிய பேச்சு. ஊர் ஊராக நட்டார்கள். அரசின் சோதனையில் மண்ணில் இருந்ததில் 2,000-ல் ஒரு பங்குதான் செடிக்குப் போயிருந்தது. படிவு குறைந்த இடத்தில் ஆழ உழுது மேல்மண்ணைக் கீழே தள்ளினார்கள். அதிகம் உள்ள இடத்தில் மேல்மண்ணை 5 செ.மீ. சுரண்டி எடுத்தார்கள். ஐந்து சென்டிமீட்டர்! நாம் பத்து வருஷம் மூடாக்குப் போட்டு, பலதானியம் விதைத்து மடக்கி உழுது சேர்க்கிற உயிர்மண் முழுக்க அதில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மலையிலிருந்து வெட்டி வந்த சத்தில்லாத மணலைக் கொட்டினார்கள். மீதி வயல்களில் சாம்பல் சத்தைக் கூட்டினார்கள். 100 கிராம் மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் சாம்பல் சத்து 25 மி.கி. இருக்க வேண்டும் என்பது நெல் வயலுக்கு இலக்கு.

அது பலன் கொடுத்தது, மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012-லிருந்து வரம்பை 100 பெக்கரலாக இறுக்கி, மாவட்டத்தில் விளைந்த அரிசி மூட்டை அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள், வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை. வரம்பு தாண்டியவை 2012-ல் 71, 2013-ல் 28, 2014-ல் 2. 2015-லிருந்து ஒன்றும் இல்லை. ஆனால் வயலைச் சுத்தம் செய்யலாம், காட்டைச் சுரண்ட முடியாது. காட்டுக் காளானும் காட்டுப்பன்றிக் கறியும் சருகு உரமும் பழைய நிலைக்கு வரவில்லை.

சுரண்டிய மண் எங்கே போனது? கறுப்பு மூட்டைகளில் கட்டி வயலோரமும் பள்ளிக்கூடத் திடலிலும் வருஷக்கணக்கில் அடுக்கிவைத்திருந்தார்கள். பிறகு சுமார் 1.4 கோடி கன மீட்டர், உலையைச் சுற்றியுள்ள ஒகுமா, ஃபுதாபா ஊர்களில் 1,600 ஹெக்டேர் நிலத்தில் சேர்க்கப்பட்டது. அந்த நிலமும் யாரோ உழுத நிலம்தான். 2045-க்குள் அதை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் முடிவாக வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கே வைப்பது? அதில் ஒரு சிறு பங்கைத் தோக்கியோவின் ஒரு பூங்காவில் போட்டுப் பார்க்கிறோம் என்றதும் அக்கம்பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். அந்த மின்சாரம் எரிந்ததோ தோக்கியோவில்தான்.

இனி நம்ம ஊர். ஒழுங்காக ஓடுகிற உலை தினமும் வயலில் சீசியம் தூவுவதில்லை. வாழைப்பழத்திலும் நம் உடம்பிலும் இயற்கையான கதிரியக்கப் பொட்டாசியம் உண்டு, மணவாளக்குறிச்சி கடல்மணலில் தோரியம் உண்டு. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு பேசினால் பொதுக் கருத்துக் கேட்பு மேடையில் அதிகாரி ஒரே வரியில் நம்மை உட்கார வைத்துவிடுவார். நாம் கேட்க வேண்டியது விபத்து நடந்தால் என்ன, எரிந்த எரிபொருள் எங்கே என்ற இரண்டும்தான்.

கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் கொண்ட இரண்டு உலைகள் ஓடுகின்றன, மேலும் நாலுக்கு வேலை நடக்கிறது. எரிந்த எரிபொருள் உலைக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், உலைக்கு வெளியே தனிச் சேமிப்பகத்தை ஐந்தாண்டுக்குள் கட்டச் சொன்னது. 2018-ல் அந்தக் கெடு 2022 வரை நீட்டிக்கப்பட்டது. 2019 ஜூலையில் ராதாபுரத்தில் கருத்துக் கேட்பு என்று அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். இந்தச் சேமிப்பகமும் இடைக்கால ஏற்பாடுதான். நிரந்தரமாகப் புதைக்கும் இடம் இந்தியாவில் எங்கும் இல்லை.

அவசரகாலத் திட்டம் போடுவது உலையிலிருந்து 16 கி.மீ. வரைக்கும். இடாதே இருந்தது 40 கி.மீ.யில். அப்படியானால் நாங்குநேரி வாழைக்கும், தோவாளைப் பூவுக்கும் என்ன திட்டம் என்று கேளுங்கள். எந்தெந்தப் பயிரில், எந்தெந்த ஊரில் இப்போதே அளந்து வைத்திருக்கிறீர்கள், அந்த அளவை ஊராட்சியில் ஒட்டுவீர்களா என்று கேளுங்கள். பிறகு கூடியதா குறைந்ததா என்று சொல்ல முதல் அளவு கையில் வேண்டுமல்லவா?

நாமும் சில வேலை செய்யலாம். மண் பரிசோதனை அறிக்கையில் தழைச்சத்தோடு நிறுத்தாமல் சாம்பல் சத்தையும், மண் மணலா களியா என்பதையும் பாருங்கள். அது எப்படியும் பயிருக்கு ஆகும். மேல்மண்ணில் ஒரு கிலோ எடுத்து நிழலில் காயவைத்து, தேதியும் சர்வே எண்ணும் எழுதிக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி வையுங்கள், காசு செலவில்லாத ஆவணம். என்றைக்காவது கெட்ட செய்தி வந்தால், முதல் வேலை மாட்டைக் கொட்டிலுக்குள் கட்டுவது. முதல் சில வாரம் ஆபத்து அயோடின்-131. எட்டு நாளில் பாதியாகும், ஆனால் அதற்குள் புல்லிலிருந்து பாலுக்கு வந்து குழந்தைகளின் கழுத்துச் சுரப்பியில் சேரும். செர்னோபில் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்று வந்தது பெரும்பாலும் இந்தப் பால் வழியாகத்தான். வைக்கோல் போரையும் கிணற்றையும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வெளியே கிடந்த வைக்கோல், சருகு, எருக்குழியின் மேல்பகுதி எதையும் அளந்து பார்க்காமல் மாட்டுக்கோ வயலுக்கோ கொடுக்காதீர்கள், கொளுத்தவும் செய்யாதீர்கள். அவசரப்பட்டு உழவும் வேண்டாம். மேலே விழுந்தது மேலேயே இருந்தால் எடுக்கவாவது வழி உண்டு.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தத் தம்பி மறுபடி வந்தார். "அண்ணாச்சி, எங்க மண்ணு தேரி மணலாச்சே, களியே கிடையாதே" என்றார். அவர் கொண்டுவந்த செம்மணலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விரலிடுக்கில் நிற்காமல் வழிந்தது. வரும் மாதக் கூட்டத்துக்கு அவர் ஊரிலிருந்து பத்துப் பேர் மண் மாதிரியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.